ஒரே காம்பு, மூணாவது தடவை: மடிநோய் ஏன் போய்ப் போய்த் திரும்புது?

சிறுமலையடிவாரம்

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம். மூணு மாடு வெச்சிருக்கோம், சொசைட்டிக்குப் பால் ஊத்துறோம். அதுல ஒண்ணு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, ரெண்டாவது ஈத்து. கன்னு போட்டு இருபதாவது நாள் பின்னாடி இடது காம்புல திரிதிரியா வந்துச்சு. மருந்துக்கடையில சொன்னாங்கன்னு காம்புக்குள்ள ஏத்துற ட்யூப் வாங்கி மூணு நாள் ஏத்தினோம். நின்னுடுச்சு. ஒரு மாசம் கழிச்சு அதே காம்பு, அதே திரி. மறுபடி ட்யூப், மறுபடி நின்னுச்சு. இப்ப மூணாவது தடவை. காய்ச்சல் இல்லை, மடி கல்லாகலை, தீனி நல்லா எடுக்குது, அசை போடுது. முதல் நாலு பீச்சுல மட்டும் தயிர்த்துண்டு மாதிரி வரும், அப்புறம் பால் பாலாத்தான் இருக்கு.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துல ஒரு மாடு. சாயங்காலம் வழக்கம்போலக் கறந்திருக்கு. காலையில எந்திரிக்கல. மடி ஒரு பக்கம் கல்லு, பீச்சினா மஞ்சத் தண்ணி, காதைத் தொட்டா சில்லுனு இருக்கு. டாக்டர் வந்து பாட்டில் ஏத்தியும் மறுநாள் மத்தியானம் போயிடுச்சு. அதுவும் மடிநோய்னுதான் சொன்னார்.

ரெண்டும் ஒரே நோயா? ஒண்ணு ஒன்றரை நாள்ல சாகடிக்குது, இன்னொண்ணு மூணு மாசமா சீண்டிக்கிட்டே இருக்கு. என் மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி இல்லையா? கடைக்காரர் எதிர்ப்பு சக்தி டானிக்னு 650 ரூபாய்க்கு ஒரு பாட்டிலைக் காட்டுறார். வாங்கலாமா?

கட்டுத்தரை

தம்பி, டானிக்க உடுங்க. கறந்து முடிச்சதும் மாடு நிக்குதுங்களா, படுக்குதுங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல.

எங்க அப்பாரு காலத்துல இருந்து கறக்கறதுக்கு முன்னாடி தவுடு, புண்ணாக்கு வெச்சுத்தான் கறப்போம். தீனி தீந்தவொடனே மாடு சாணியில படுத்துரும். அதை மாத்திக்கிட்டனுங்க. இப்ப கறந்து முடிச்சப்பறந்தான் பச்சத்தீனி போடறது. முக்கா மணி நேரமாச்சும் நின்னு திங்கும். எங்களுக்கு மடிநோய் பாதியாக் கொறஞ்சதுக்கு நான் சொல்ற ஒரே காரணம் இதுதானுங்க. ஏன்னு டாக்டருங்க யாராச்சும் வெவரமாச் சொல்லட்டும்.

ஊசிபோடுறவர்

கால்நடை மருத்துவர், 14 வருட அனுபவம். அண்ணன் சொன்னதிலேயே ஆரம்பிக்கிறேன், விஷயமே அந்த வாசலில்தான் இருக்கிறது.

காம்பின் நுனியில் இருக்கும் துளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளமுள்ள சின்னக் குழாய். அதைச் சுற்றி ஒரு வளையத் தசை, உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள். நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அந்த மெழுகிலும் இருக்கிறது. உள்ளே நுழையப் பார்க்கிற கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கறவையில் பாலோடு அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அதனால்தான் முதல் பீச்சைத் தரையில் விடாமல் தனிக் கிண்ணத்தில் பிடித்துக் கொட்டச் சொல்கிறோம். மாட்டின் முதல் காவல் இந்தத் துளைதான். கிருமியோடு சண்டை போடும் ரத்த வெள்ளணு எல்லாம் அதற்கு அப்புறம்.

கறந்து முடித்ததும் அந்தத் தசை உடனே இறுகாது. அரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சாணியில் படுத்தால் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கின கதைதான். நிற்க வைப்பதற்கு அண்ணன் செய்வதைவிட மலிவான வழி கிடையாது.

இப்போது தம்பியின் கேள்வி. இரண்டுமே மடிநோய். ஆனால் 'மடிநோய்' என்பது 'வயிற்றுவலி' மாதிரி ஒரு பொதுப்பெயர். செய்த கிருமி வேறு வேறாக இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு வந்தது, நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஈ.கோலை. சாணத்திலும் ஈரத் தரையிலும் எப்போதும் இருப்பது. உங்கள் மாட்டுக்கு ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று சந்தேகப்படுகிறேன். இது தோலில், காம்பு வெடிப்பில், கறக்கிற கையில், துடைக்கிற துணியில் இருந்து மாட்டுக்கு மாடு பரவும். பார்த்தே உறுதி சொல்ல முடியாது, பாலைப் பரிசோதிக்க வேண்டும். ட்யூப் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த பாலாக இருக்க வேண்டும். மறுபடி ஏற்றிவிட்டீர்களா?

சிறுமலையடிவாரம்

இன்னும் ஏத்தலை சார். உங்க பதிலுக்குத்தான் காத்திருந்தேன். ஒண்ணு மட்டும் புரியலை. கிருமி மூணு மாசமா உள்ளேயே இருக்குன்னா மாட்டுக்குக் காய்ச்சலே வரலையே, ஏன்? உடம்புக்கு அது உள்ள இருக்கறதே தெரியலையா?

அகார்தட்டு

இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்ச கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்துல வேலை. மாடு வளர்த்ததில்லை, அதனோட பால்லயும் சீழ்லயும்தான் பழக்கம்.

முதல்ல ஈ.கோலை. அதோட வெளிச்சுவர்ல லிப்போபாலிசாக்கரைடுன்னு ஒரு பொருள் இருக்கு. சுருக்கமா உள்நச்சு. மடி செல்கள்லயும் வெள்ளணுக்கள்லயும் அதை அடையாளம் கண்டுபிடிக்கவே ஒரு உணரி இருக்கு. உள்நச்சு பட்டதும் அது அலறும். அந்த அலறலுக்கு ரத்தக்குழாய் விரியும், மடி சிவந்து சூடாகும், கோடிக்கணக்குல வெள்ளணு ரத்தத்துல இருந்து பாலுக்குள்ள இறங்கும், மூளையில சூட்டைத் தீர்மானிக்கிற இடம் காய்ச்சலை ஏத்தும். பல மாட்டுல இந்தப் படை சில நாள்லயே ஈ.கோலையைத் துடைச்சு எறிஞ்சிடும். படை லேட்டா வந்தாத்தான் வினை. நல்ல சூழல்ல ஈ.கோலை ஒண்ணு ரெண்டாக இருபது நிமிஷம் போதும். ராத்திரி முழுக்கப் பெருகி நிக்கிற கூட்டத்து மேல படை வந்து விழுந்தா, செத்த கிருமியில இருந்தெல்லாம் உள்நச்சு ஒரே நேரத்துல கொட்டும். அப்ப உடம்பு போடுற கூச்சல்லயே ரத்த அழுத்தம் சரிஞ்சு மாடு விழுந்திடும். காது சில்லுனு இருந்ததுன்னு எழுதினீங்களே, ரத்தம் ஓரத்துக்குப் போகலைன்னு அர்த்தம். அந்த மாட்டைச் சாகடிச்சதுல கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அதைத் துரத்தக் கிளம்பின படைக்கும் அவ்வளவு பங்கு.

சரி, அப்ப அந்த உணரியே இல்லாம இருந்தா நல்லதான்னு தோணும். சி3எச்/எச்இஜே-ன்னு ஒரு எலி வகை ஆய்வகங்கள்ல இருக்கு. உள்நச்சை எவ்வளவு ஏத்தினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உண்மையான கிருமி, சால்மோனெல்லா மாதிரி, கொஞ்சம் உள்ள போனாலே செத்துப்போகும். காரணம் 1998ல தெரிஞ்சது: அந்த எலிகளுக்கு டிஎல்ஆர்4-ங்கிற உணரி பழுது. கண்டுபிடிச்ச புரூஸ் பாய்ட்லருக்கு 2011ல நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. அலறுற நாய் தொல்லைதான், ஆனா குரைக்காத நாயை வெச்சுக்கிட்டு வீட்டைக் காக்க முடியாது.

இப்ப உங்க ஸ்டாஃப். அதுக்கு அந்த உள்நச்சு கிடையாது. வேற உணரிகள் அதைப் பார்க்கும், ஆனா மடியில எழும்புற சத்தம் ரொம்ப மெதுவானது. அந்த அமைதியில அது நாலஞ்சு வேலை பார்க்கும். கோயாகுலேஸ்னு ஒரு பொருளை விட்டு ரத்தப் புரதத்தை உறைய வெச்சு, தன்னைச் சுத்தித் தானே வேலி கட்டிக்கும். வர்ற வெள்ளணுவுல ஓட்டை போடுற நச்சு ஒண்ணு வெச்சிருக்கும். அதுல ஒரு வகை மாடு, ஆடு மாதிரி அசை போடுற பிராணிகளோட வெள்ளணுவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது (பிடிச்சதுன்னு சொல்லக் கூடாதுதான்) அதோட புரதம் ஏ. எதிர்ப்பான், அதாவது ஆன்டிபாடி, ஒய் எழுத்து மாதிரி இருக்கும்னு படம் பார்த்திருப்பீங்க. ரெண்டு கையும் கிருமியைப் பிடிக்கும், வாலை வெள்ளணு பிடிச்சு இழுத்து விழுங்கும். ஸ்டாஃப் என்ன பண்ணும்னா அந்த வாலைத் தானே பிடிச்சுக்கும். கை ரெண்டும் வெளிப்பக்கம் காத்துல ஆடிக்கிட்டு இருக்கும். பக்கத்துல வர்ற வெள்ளணுவுக்குப் பிடிக்க வாலே இருக்காது.

இவ்வளவும் தாண்டி ஒரு வெள்ளணு விழுங்கிட்டாலும் சிலது உள்ளேயே சாகாம உட்கார்ந்திருக்கும். நீங்க ஏத்துன மருந்து பால்ல நீந்துறதைக் கொன்னிருக்கும். செல்லுக்குள்ள இருந்ததுக்கு, மடித் திசுவுல சின்னச் சின்னக் கட்டியா மறைஞ்சு இருந்ததுக்கு, எட்டியிருக்காது. ஒரு மாசம் கழிச்சு அது மறுபடி எட்டிப் பார்க்கும். புதுசா வந்த நோய் இல்லைங்க, பழைய ஆள்தான்.

கிடைமாடு

இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கதை. நாட்டு மாடு வெச்சிருந்தவனுக்கு மடிநோய்னா என்னன்னே தெரியாது. கலப்பினம்னு கொண்டுவந்து எதிர்ப்பு சக்தியே இல்லாத மாட்டைத் தலையில கட்டினாங்க, பின்னாடியே ஊசியும் ட்யூபும் வந்துச்சு. சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு. அவ்வளவுதான். அஞ்சு நாள் தடவு, ஓடிப்போகும்.

ஊசிபோடுறவர்

கிடைமாடு, பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை.

கற்றாழைப் பத்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே சொல்லித்தருவது. தேசியப் பால்வள வாரியமும் பரப்புகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து, மடியைக் கழுவிப் பாலை ஒட்டக் கறந்துவிட்டு, ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். நானே எழுதிக்கொடுக்கிறேன். வீக்கமும் வலியும் வாடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடிக்கடி ஒட்டக் கறப்பதே பாதி வைத்தியம், கிருமியும் நச்சும் வெளியே போகும். ஆனால் பக்கத்துத் தோட்டத்து மாடு மாதிரி விழுந்துகிடக்கிற மாட்டுக்குப் பத்து அரைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த நேரத்தில் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் செய்து வண்டியை வரவழையுங்கள். ஸ்டாஃப் வருடக்கணக்கில் திசுவுக்குள் கட்டி வைத்திருந்தால் பத்தும் எட்டாது, ட்யூபும் எட்டாது. அதில் பாரபட்சம் இல்லை.

நாட்டு மாட்டுக்கு வரவே வராது என்பது சரியில்லை. குறைவாக வரும். இரண்டு லிட்டர் கறக்கிற மடியும் பதினைந்து லிட்டர் கறக்கிற மடியும் ஒன்றல்ல. அதிகம் கறக்கிற மாட்டின் மடி தொங்கும், தரைக்குக் கிட்டே வரும், துளை தளர்ந்திருக்கும், சில மாட்டுக்குக் கறவை நேரத்துக்கு முன்னாலேயே பால் சொட்டும். கன்று போட்ட முதல் மாதம் தின்பதைவிட அதிகமாகப் பாலில் கொட்டும், உடம்பு கரையும். அந்த நேரத்தில் வெள்ளணுக்களும் மந்தமாகத்தான் வேலை செய்யும். சுண்ணாம்புச்சத்து இறங்கினால் காம்புத் தசை இறுகவே நேரமாகும். தம்பியின் மாட்டுக்கு இருபதாவது நாளில் வந்ததில் ஆச்சரியமே இல்லை. இதை 'எதிர்ப்பு சக்தியே இல்லாத இனம்' என்று சொல்வது, மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுவலி வந்தால் அவன் பரம்பரையைக் குறை சொல்வது மாதிரி.

கிடைமாடு

மூட்டையை ஏத்திவிட்டது யாருங்கிறதுதான் என் கேள்வி. ஆனா 1962 விஷயம் சரி. போன வருஷம் ஆட்டுக்கு வந்தாங்க.

அகார்தட்டு

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். மடி இருக்கே, அது சண்டை போட ரொம்ப மோசமான இடம். வெள்ளணுவுல முன்னாடி ஓடிவர்ற வகை நியூட்ரோஃபில். கண்ணுல பட்டதை விழுங்குறதுதான் அதுக்குத் தெரிஞ்ச தொழில். ரத்தத்துல அது கிருமியைத் தேடும். பாலுக்குள்ள இறங்கினா சுத்தி முழுக்கக் கொழுப்பு உருண்டை, கேசின் புரதம். அதையும் விழுங்கித் தொலைக்கும். வயிறு முட்டக் கல்யாண விருந்து சாப்பிட்டவனை மல்யுத்தத்துக்கு இறக்கின மாதிரி ஆகிடும். ரத்தத்துல இருக்கிற நியூட்ரோஃபிலைவிட பால்ல இருக்கிறது கிருமியைக் கொல்றதுல மட்டம்.

விழுங்கிக் கொல்ற இந்தக் குணத்தை முதல்ல கண்டவர் மெட்ச்னிகாஃப். 1882ல இத்தாலியில மெசினா கடற்கரை. கண்ணாடி மாதிரி இருக்கிற நட்சத்திரமீன் குஞ்சுக்குள்ள ஒரு முள்ளைக் குத்தி வெச்சுட்டு ராத்திரி தூங்காமக் காத்திருந்தார். காலையில பார்த்தா முள்ளைச் சுத்தி அணுக்கள் மொய்ச்சுக்கிட்டு நின்னது. 1908ல நோபல். நட்சத்திரமீனுக்கு ஆன்டிபாடி கிடையாது, ஊசி கிடையாது. ஆனா அந்நியமானதைக் கண்டா ஓடிப்போய் மொய்க்கிற அணு இருக்கு. உங்க மாட்டு மடியில நடக்கிறதும் அதே பழைய வேலைதான்.

சிறுமலை, கையில சோப்புத்தூள் இருக்கா? அரை லிட்டர் தண்ணில 15 கிராம் கரைங்க. நாலு காம்புப் பாலையும் தனித்தனியா நாலு கிண்ணத்துல கொஞ்சம் பிடிங்க. அதே அளவு சோப்புத்தண்ணி ஊத்தி மெதுவாச் சுழட்டுங்க. அதைச் செஞ்சுட்டு இங்க வந்து சொல்லுங்க. அப்புறம் கிண்ணத்தை நல்லாக் கழுவிடுங்க, அந்தப் பாலைக் கொட்டிடுங்க.

சிறுமலையடிவாரம்

செஞ்சேன் அக்கா. அம்மா ஊறுகாய் வைக்கிற சின்னக் கிண்ணம் நாலு எடுத்துக்கிட்டேன், திட்டு விழுந்துச்சு.

முன்னாடி ரெண்டு காம்பும் தண்ணி மாதிரியே ஆடுச்சு. பின்னாடி இடது, அதாவது நோய்க் காம்பு, சுழட்டச் சுழட்ட இறுகி, கிண்ணத்தைச் சாய்ச்சா மொத்தமாக் கூழ் மாதிரி வழுக்கி விழுந்துச்சு. முட்டை வெள்ளைக்கரு இருக்குமே, அப்படி. அதைப் பார்த்து அசந்துட்டேன். ஆனா அதைவிட அதிர்ச்சி பின்னாடி வலது காம்பு. பால் பார்வைக்கு அவ்வளவு சுத்தம், திரியே கிடையாது. அதுவும் கிண்ணத்து அடியில கோந்து மாதிரி இழுத்துச்சு.

அந்தக் கூழ் என்னது? கிருமியா?

அகார்தட்டு

கிருமி இல்லை. உங்க மாட்டோட படை. சோப்பு வெள்ளணுவோட சவ்வைக் கரைச்சுடும், உள்ள சுருட்டி வெச்சிருந்த டி.என்.ஏ. வெளிய வந்து ஒண்ணோட ஒண்ணு பின்னி ஜெல்லாகும். கூழ் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வெள்ளணு. 1957ல கலிஃபோர்னியாவுல வந்த சோதனை, அங்க ஒரு தனித் திரவம் பயன்படுத்துவாங்க, சோப்புத்தூள் அதுக்கு ஏழை வீட்டுத் தம்பி. நல்ல மடியில ஒரு மில்லி பாலுக்கு ஒரு லட்சத்துக்குள்ள செல் இருக்கும். ரெண்டு லட்சத்தைத் தாண்டினா அந்தக் காம்புல தொற்று இருக்குன்னு எடுத்துப்போம். உங்க வலது காம்பு அந்தக் கணக்குல வருது. கண்ணுக்குத் தெரியாத மடிநோய். திரி வர்றது வெளிய தலை நீட்டுற நாள் மட்டும்தான்.

இன்னொண்ணு. டி.என்.ஏ.வை வலையா வீசுறது சோப்பு செய்யற தந்திரம் மட்டும் இல்லை. நியூட்ரோஃபிலே சாகறப்ப தன் டி.என்.ஏ.வை வெளிய விரிச்சுக் கிருமியை அதுல சிக்க வைக்கும். 2004லதான் இது தெரியவந்தது.

வெண்ணாற்றங்கரை

இடையில வந்து கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்ல கன்னுக்குட்டி ரெண்டு அடுத்தடுத்து கழிச்சல்ல போயிடுச்சு. மாமியார், சீம்பாலைக் குடிச்சாக் கன்னுக்கு வயித்தால போகும்னு மூணு நாள் கொடுக்க விடமாட்டாங்க. நஞ்சுக்கொடி விழுந்தப்பறம்தான் காம்புல விடணும்பாங்க. இதுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் சம்பந்தம் இருக்கா?

ஊசிபோடுறவர்

இருக்கிறதம்மா, நிறையவே இருக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பான்கள் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்றுக்குட்டி பிறக்கும்போது ரத்தத்தில் எதிர்ப்பான் ஏறக்குறைய இல்லை. தாய் அதற்குச் சேர்த்துவைத்தது எல்லாம் சீம்பாலில்தான். அதையும் குடல் எப்போதும் உள்ளே விடாது. பிறந்த முதல் சில மணி நேரம் திறந்த கதவு, மணிக்கு மணி மூடிக்கொண்டே போகும், ஒரு நாள் முடிவதற்குள் அடைத்துவிடும். அப்புறம் எத்தனை லிட்டர் கொடுத்தாலும் வயிற்றுக்குள்தான் இருக்கும், ரத்தத்துக்குள் போகாது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். முதல் பாதியைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். நஞ்சு விழக் காத்திருக்க வேண்டாம். கன்று ஊட்டினால் நஞ்சு விழவும் உதவும், மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை

நஞ்சு சீக்கிரம் விழும்னு சொன்னா ஒத்துப்பாங்க. டாக்டர் சொன்னார்னு சொன்னா ஒத்துக்கமாட்டாங்க :)

மணல்மேடு

ஒரு சந்தேகம். காய்ச்சல் உடம்போட தற்காப்புன்னா, மாட்டுக்குக் காய்ச்சல் வந்ததும் ஏன் உடனே ஊசி போட்டு இறக்குறாங்க?

அகார்தட்டு

நல்ல கேள்வி. காய்ச்சல் தற்காப்புதானான்னு 1975ல ஓணான் வகையில சோதிச்சாங்க. பாலைவன இகுவானா, சுயமா உடம்புச் சூட்டை ஏத்த முடியாத பிராணி. கிருமியை ஏத்தி வெவ்வேற சூட்டுல அடைச்சு வெச்சாங்க. சூடு கூடக் கூடப் பிழைச்சதும் கூடுச்சு. விட்டுப் பார்த்தா அதுவே நோய் வந்ததும் சூடான மூலையைத் தேடிப் போய் உட்கார்ந்துக்கும். காய்ச்சல் வர முடியாத பிராணி காய்ச்சலைத் தேடிப்போகுது பாருங்க.

மாட்டுல ஏன் இறக்குறாங்கன்னு டாக்டர் சொல்லட்டும்.

ஊசிபோடுறவர்

மாட்டின் சாதாரணச் சூடே 101.5 ஃபாரன்ஹீட் பக்கம். 103 வந்ததும் நான் பதறுவதில்லை. 106-ல் மூச்சிரைத்துக்கொண்டு தீனி எடுக்காமல் நிற்கிற மாட்டை அப்படியே விட்டால் வயிறு நின்றுபோகும், தண்ணீர் வற்றும். நாங்கள் போடும் ஊசி சூட்டுக்கு மட்டுமல்ல, வலிக்கும் வீக்கத்துக்கும் சேர்த்துத்தான். அகார்தட்டு முதலில் சொன்ன அந்தக் கூச்சலை அடக்க. படையை நிறுத்தவும் கூடாது, ஊரை எரிக்க விடவும் கூடாது. எந்த மாட்டுக்கு எந்த நேரத்தில் என்பது தொழுவத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும், போனில் தெரியாது.

சிறுமலையடிவாரம்

ரிசல்ட் வந்துடுச்சு. டாக்டர் சொன்ன மாதிரி காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால அழுக்குப் போற வரைக்கும் துடைச்சு, முதல் ரெண்டு பீச்சைக் கொட்டிட்டு, பாட்டிலைச் சாய்ச்சுப் பிடிச்சு எடுத்தேன். ஐஸ் டப்பாவுல வெச்சு பஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்க இருந்த ஒரு அக்கா தட்டையே காட்டினாங்க. சிவப்புத் தட்டுல மஞ்சள் மஞ்சளா மிளகு அளவுப் புள்ளி, ஒவ்வொண்ணைச் சுத்தியும் ரத்தம் கரைஞ்சு வெளுத்த வளையம். அப்புறம் ஒரு குழாயில முயல் ரத்தத்தோட தெளிவை ஊத்தி அதுல கிருமியைக் கலந்து வெச்சிருந்தாங்க, சாய்ச்சா ஓடலை, உறைஞ்சு நின்னுச்சு. கோயாகுலேஸ் இதுதான்னு சொன்னாங்க. அகார்தட்டு அக்கா எழுதின வேலியைக் கண்ணால பார்த்துட்டேன்.

ரெண்டு பின் காம்புமே ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பென்சிலின் வேலை செய்யாதுன்னு எழுதியிருக்காங்க. நான் கடையில வாங்கி ரெண்டு தடவை ஏத்தினது அதே வகைதான். 650 ரூபா டானிக் வாங்கலை, அது ஒண்ணுதான் மிச்சம்.

இப்ப என்ன பண்றது? விக்கச் சொல்றாங்க. அம்மா ஒத்துக்கல.

ஊசிபோடுறவர்

அந்த மருந்தை உடைக்கிற என்சைமை அது வைத்திருக்கிறது, அதனால்தான் பென்சிலின் எடுபடவில்லை. வருத்தப்படாதீர்கள், பாதி ஊரில் இதுதான் நடக்கிறது.

நேராகச் சொல்கிறேன். கறவையில் இருக்கும்போது இதைத் துடைத்து எடுப்பது கஷ்டம். இளம் மாடு, புதிய தொற்று, ஒரே காம்பு என்றால் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வயது சாதகம், மூன்று மாதமும் இரண்டு காம்பும் பாதகம். ரிசல்ட்டைப் பார்த்து உங்கள் ஊர் மருத்துவர் எழுதுகிற மருந்தை ஒரு தடவை முழு அளவில், சொன்ன நாள் குறையாமல் கொடுத்துப் பாருங்கள். திரி நின்றதும் பாதியில் நிறுத்தாதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை நாலு காம்புப் பாலும் சொசைட்டிக்குப் போகக் கூடாது. நல்ல காம்பிலும் மருந்து வரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பால் வற்ற விடும்போது, கன்று போட இரண்டு மாதம் இருக்கையில், நீண்ட நாள் நிற்கும் ட்யூப் ஏற்றலாம். மருந்து பாலோடு கரைந்து வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும், கறவையில் இருப்பதைவிடக் குணமாகும் வாய்ப்பு அதிகம். வற்றின மடியில் மாட்டின் சொந்தக் காவலும் கூடும். லாக்டோஃபெரின் என்ற புரதம் அங்கே ஏறி, கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈ.கோலை மாதிரிக் கிருமிக்குப் பட்டினி.

அதுவரை அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். முதலில் மற்ற இரண்டு, அப்புறம் இதன் முன்காம்பு, கடைசியாகப் பின்காம்பு. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்துணி. கறந்ததும் அயோடின் கரைசலில் காம்பை முக்குங்கள். விற்பதாக இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லி விற்கவும்.

கட்டுத்தரை

விக்கறதுல எனக்கு இஷ்டமில்லீங்க. நீங்க சொல்லித்தான் விப்பீங்க, தரகன் சொல்ல மாட்டான், அடுத்த கட்டுத்தரைக்குப் போயிரும்.

கிடைமாடு

கத்தாழையும் சேர்த்துப் போடு தம்பி. டாக்டரே எழுதிக் கொடுக்கறேன்னு சொல்லிட்டாரு.

சிறுமலையடிவாரம்

போடுறேண்ணே. டாக்டர் நேத்து வந்து பார்த்தார், மருந்து ஆரம்பிச்சாச்சு. கறவைக்கு அப்புறம் தீனி போட ஆரம்பிச்சு நாலு நாள் ஆச்சு. முதல் நாள் கறக்கறப்ப உதைச்சுச்சு, தீனி இல்லாம நிக்கப் பழக்கமில்லை. இப்ப பரவாயில்லை.

கடைசியா ஒண்ணு. சொசைட்டிக்கு ஊத்தாத பாலைக் கீழ கொட்ட அம்மாவுக்கு மனசு வரலை, கிடாரிக் கன்னுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. தப்பில்லையே?

ஊசிபோடுறவர்

இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதில் மருந்தும் இருக்கிறது, ஸ்டாஃபும் இருக்கிறது. கன்றுகள் ஒன்றின் காம்பை ஒன்று சப்பும். இந்தப் பாலைக் குடித்த வாயோடு சப்பினால், கிடாரி முதல் ஈத்துக்கு வரும்போதே காம்பில் கிருமியோடு வரும். கொதிக்க வைத்தால் கிருமி போகும், மருந்து போகாது. அந்தக் கன்றுக்கு மற்ற மாட்டின் பாலைக் கொடுங்கள்.

சிறுமலையடிவாரம்

அம்மாகிட்ட சொல்லிட்டேன். குழி வெட்டிக் கொட்டுறாங்க. ஊறுகாய்க் கிண்ணத்தையும் அதோட சேர்த்துப் போட்டுட்டாங்க.